பழுதில்லாத ஒரே பை

சைக்கிளுக்கு நடுவில் முக்கோணமாக ஒரு காலியிடம் இருக்கிறது என்பதை எங்கள் காம்பவுண்டுக்குக் கண்டுபிடித்துச் சொன்னவர் என் மாமா. ஹேண்டில்பாரிலிருந்து சீட்டு வரை நீளும் பார், சீட்டிலிருந்து பெடலுக்கு இறங்கும் குழாய், பெடலிலிருந்து மறுபடி முன்பக்கம் ஏறும் குழாய், இந்த மூன்றுக்கும் இடையில் இருப்பதைத்தான் சொல்கிறேன். அதுவரைக்கும் அதை யாரும் ஒரு இடமாகவே மதித்ததில்லை. என்னைப் போன்ற பொடிசுகள் பெரிய வண்டியில் காலை உள்ளே நுழைத்து அரைப் பெடல் போட்டுப் பழகுவதற்கு அது இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தோம். மாமா அந்த இடத்துக்கு அளவெடுத்து ஒரு பை தைத்து மாட்டினார். அதோடு விட்டாரா, காம்பவுண்டில் இருந்த அத்தனை பார் வண்டிக்கும் தைத்தார். எதற்காகத் தைத்தார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பத்து வயதில் எனக்குத் தெரியாத விஷயம் எதுவும் இருக்கவில்லை.

எங்கள் காம்பவுண்டு திருப்பூர் அனுப்பர்பாளையத்தில், பாத்திரப் பட்டறைகளுக்குப் பின்னால் இருந்தது. எதிரும் புதிருமாக லைன் வீடுகள், நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு துவைக்கிற கல். பட்டறைச் சத்தத்தில் காலையில் யாரும் அலாரம் வைக்க வேண்டியதில்லை. குடியிருந்தவர்கள் எல்லாருமே பனியன் கம்பெனிக்காரர்கள். அப்பா நிட்டிங் மிஷின் ஓட்டினார். நைட் ஷிப்ட் முடித்து வந்து பகலெல்லாம் போர்த்திக்கொண்டு தூங்குவார். ஆகவே அவருக்கு இந்தக் கதையில் வேலை இல்லை. அம்மா வீட்டிலேயே ஒரு பவர் மிஷின் போட்டு டீ ஷர்ட்டுகளுக்குக் காலர் தைத்துக் கொடுத்தாள்.

மாமா அம்மாவின் தம்பி. அம்மாவைப் பெற்ற அப்புச்சியும் அம்மாயியும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்ததும், அரும்பு மீசையோடு நின்றவரை அம்மாதான் கையைப் பிடித்துத் திருப்பூருக்கு அழைத்து வந்தாள். கம்பெனியில் சேர்த்துவிட்டாள். அவர் படிப்படியாக வளர்ந்து கட்டிங் மாஸ்டர் ஆனார். அடுத்தது கல்யாணம்தானே. அம்மா பெண் பார்க்க ஆரம்பித்தாள். மாமா ஒவ்வொரு போட்டோவிலும் ஒரு குறை கண்டுபிடித்தார். ஒரு பெண் ரொம்ப உயரம் என்றார். ஒரு பெண் தன்னைவிட எச்சாகப் படித்துவிட்டது என்றார். சொல்ல ஒன்றும் கிடைக்காத போட்டோவாக இருந்தால், "ஷிப்மென்ட் முடியட்டுங்க்கா" என்பார். திருப்பூரில் ஷிப்மென்ட் என்று சொல்லிவிட்டால் சொந்தத் தாய்மாமன் சாவுக்குக்கூடப் போகாமல் இருந்துகொள்ளலாம், யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. கடைசியாகக் கணியூரிலிருந்து ஒரு இடம் வந்தது. தோட்டம், கிணறு, ஒரே பெண். அம்மா அந்தப் போட்டோவை சாமி படத்துக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டாள்.

எங்கள் வரிசையில் கடைசி வீட்டில் ஒரு அக்கா இருந்தார். கோவில்பட்டியிலிருந்து கணவனோடு பிழைக்க வந்தவர் என்பதால் எல்லாருக்கும் அவர் கோவில்பட்டி அக்கா. கணவர் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். மிச்சம் இருந்தது பால்வாடிக்குப் போகிற ஒரு பெண் குழந்தையும் அவருடைய உயரமான பார் வண்டியும். வண்டியை விற்றுவிட்டு ஒரு லேடீஸ் சைக்கிள் வாங்கிக்கொள்ளச் சொல்லி காம்பவுண்டே புத்தி சொன்னது. அக்கா எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டு, மறுநாள் சுடிதாரை ஒதுக்கிக்கொண்டு பின்பக்கமாகக் காலைத் தூக்கிப் போட்டு அதே வண்டியில் ஏறிப் போனார். பாரில் சின்னதாக ஒரு சீட்டு வைத்து அதில் குழந்தை. ஹேண்டில்பாரின் ஒரு பக்கம் சாப்பாட்டுப் போசி வைத்த ஒயர்கூடை, இன்னொரு பக்கம் குழந்தையின் பை. மாமா வேலை செய்த கம்பெனியில்தான் அக்காவும் டெய்லராக இருந்தார்.

ஒரு நாள் காலையில் பட்டறை முக்குத் திரும்பும்போது ஒயர்கூடை ஆடி முன் சக்கரத்துக் கம்பிக்குள் புகுந்துகொண்டது. அக்கா, குழந்தை, வண்டி, போசி எல்லாம் ஒட்டுக்காக ரோட்டில். பின்னாலேயே வந்த மாமாதான் தூக்கிவிட்டிருக்கிறார். குழந்தைக்கு மோவாயில் தையல் போட வேண்டியதாயிற்று. மாமா சட்டையெல்லாம் ரத்தமும் ரசமுமாக வீட்டுக்கு வந்தபோது அம்மா பதறிப்போய் மிஷினை விட்டு எழுந்து ஓடினாள். இவருக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும், "யாரு, அந்தக் கோவில்பட்டிக்காரியா?" என்று மட்டும் கேட்டாள்.

"யாராயிருந்தா என்னுங்க்கா? பைய ஹேண்டில்பார்ல மாட்டுனா இப்பிடித்தான் ஆவும். நம்ம காம்பவுண்டுல எல்லா வண்டிக்கும் ஒரு வழி பண்ணோணும்" என்றார் மாமா.

எல்லா வண்டிக்கும் என்றுதான் சொன்னார். நான் பக்கத்திலேயே நின்றேன். என் மாமா எவ்வளவு பொதுநல மனம் படைத்தவர் என்று பூரித்துப்போனேன்.

அந்த வாரமே வேலை ஆரம்பமாயிற்று. மாமா தன் வண்டியைச் சுவரில் சாய்த்து வைத்து, பழைய பேப்பரை நான் குழாய்களோடு சேர்த்துப் பிடிக்க, பென்சிலால் முக்கோணத்தை வரைந்து வெட்டினார். முதல் பையைத் தைத்தது பனியன் துணியில். பனியன் துணி இல்லாமல் வேறு எந்தத் துணி எங்கள் ஊரில் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும்? ஸ்வெட்டர் தைக்கிற கனமான துணிதான், ஆனால் இழுத்தால் இழுபடுகிற ஜாதி. கட்டுவதற்கு ஜட்டி இடுப்பில் வைக்கிற எலாஸ்டிக், அதில் ஏதோ வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர் வேறு. காலையில் சிக்கென்று முக்கோணமாகப் போன பை, சாயங்காலம் வயிறு தள்ளி, செயினில் உரசி, மையும் சாம்பாருமாகத் திரும்பி வந்தது. "இதத் தொவைக்கச் சொல்லி எங்கிட்டப் போட்டுறாத" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்ச் சிரித்தாள்.

மாமா அசரவில்லை. ஆட்டோவுக்கு சீட் கவர் தைக்கிற சிநேகிதர் ஒருவரிடம் போய் மிச்சம் கிடந்த ரெக்ஸினை அள்ளிக்கொண்டு வந்தார். மேல்புறம் பளபளவென்று மெரூன் நிறம், உள்புறம் வெள்ளைத் துணி ஒட்டியது. எலாஸ்டிக்குக்குப் பதில் கட்டில் பின்னுகிற நாடா. மேலே திறந்து மூட ஜிப். அகலம் நான்கு விரல்தான், அதற்கு மேல் போனால் பெடல் மிதிக்கும்போது முழங்கால் இடிக்கும். அந்த அகலத்துக்குள் உருண்டைப் போசி எப்படி நுழையும்? தட்டையான டிபன் பாக்ஸ் வாங்கச் சொல்லி மாமா வீடு வீடாகப் பிரசாரம் செய்தார். "தட்டு மாதிரி இருக்கற டப்பாவுல கொழம்ப எங்கீங்க ஊத்தறது?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டதற்கு, குழம்புக்கென்று தனியாக ஒரு குட்டி டப்பா நிற்கும்படி பைக்குள் ஒரு தடுப்பையும் சேர்த்துவிட்டார்.

எனக்கும் ஒரு பை வேண்டும் என்று நான் அழுது பார்த்தேன். என்னுடையது லேடீஸ் சைக்கிள். பாரே கிடையாது, முக்கோணத்துக்கு எங்கே போவது? "உனக்கு வேற டிசைன்ல பண்ணித் தாரேங் கண்ணு" என்றார் மாமா. பண்ணித் தரவே இல்லை. அந்த வயிற்றெரிச்சலில்தான் அந்தப் பைகளுக்கு நேர்ந்த ஒவ்வொன்றையும் நான் உன்னிப்பாகக் கவனித்து வந்தேன். இல்லாவிட்டால் எனக்கு இவ்வளவு நினைவிருக்க நியாயமில்லை.

கட்டிங் மாஸ்டர் ஒருவரிடம் ஒரே ஒரு பைக்குத் துணி வெட்டித் தாருங்கள் என்று கேட்டால் அவருக்குக் கை ஓடாது. அடுக்கடுக்காக விரித்து, மேலே பேப்பரை வைத்து, கரண்ட் கத்தியை ஒரே ஓட்டமாக ஓட்டினால்தான் அவர்களுக்கு வெட்டின மாதிரி இருக்கும். மாமா ஞாயிற்றுக்கிழமை முதலாளியிடம் கேட்டுக்கொண்டு கம்பெனி மேஜையிலேயே ரெக்ஸினை விரித்து வெட்டி, டீ ஷர்ட் கட்டுகிற மாதிரி துணிநாடாவில் கட்டாகக் கட்டி, தோளில் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். நடையே தனியாக இருந்தது.

அம்மா மிஷினில் உட்கார்ந்து முதல் பையை ஆரம்பித்தாள். ஒரு பக்கத்துத் துண்டை எடுத்தாள், பட்டியோடு வைத்துத் தைத்தாள். மறுபக்கத்துத் துண்டை எடுத்தாள். வைத்துப் பார்த்தாள். திருப்பினாள். கட்டிலிருந்து இன்னொன்றை உருவினாள். அதையும் திருப்பினாள். பிறகு மிஷின் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். தூங்கிக்கொண்டிருந்த அப்பாவே புரண்டு படுத்தார்.

விஷயம் இதுதான். பனியன் துணி நிட்டிங் மிஷினிலிருந்து குழாய் மாதிரிதான் இறங்கும். மேஜையில் விரித்தால் எப்போதும் இரட்டையாகக் கிடக்கும். மேலே ஒரு துண்டு வெட்டினால் கீழே அதற்கு ஜோடி தானாக விழும். வலது பக்கத்துக்கு வெட்டினால் இடது பக்கத்துக்கு இனாமாகக் கிடைக்கும். மாமா தொழிலுக்கு வந்த நாளிலிருந்து வலது எது இடது எது என்று யோசிக்க வேண்டிய அவசியமே அவருக்கு ஏற்பட்டதில்லை. ரெக்ஸினோ ஒற்றை. அத்தனையையும் மெரூன் நிறம் மேலே தெரியும்படி விரித்து வெட்டிவிட்டார். எல்லாத் துண்டும் ஒரே பக்கத்துக்கு ஆகிவிட்டது. சைக்கிளின் முக்கோணத்துக்கு மூன்று பக்கமும் மூன்று நீளம்; மறுபக்கத்தில் பொருத்த வேண்டுமானால் துண்டைத் திருப்பித்தான் போட வேண்டும். திருப்பினால் வெள்ளை உள்புறம் வெளியே வந்துவிடும்.

"ஏன்டா, உனக்கு மாஸ்டர்னு பேரு வெச்சது எவன்டா? இதக் கம்பெனிக்குள்ள போயிச் சொல்லிப்போடாத, வாட்ச்மேன்கூட மதிக்க மாட்டான்!" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமா காது சிவக்க நின்றார். ரெக்ஸின் தீர்ந்துபோயிருந்தது. வேறு வழியில்லாமல் எல்லாப் பைகளும் ஒரு பக்கம் மெரூனும் மறுபக்கம் வெள்ளையுமாகத் தைத்து முடிக்கப்பட்டன. காம்பவுண்டில் யாரும் முகம் சுளிக்கவில்லை. ஓசியில் வந்த பைக்கு உள்புறமாவது வெளிப்புறமாவது!

மாமாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. ஒரு நாள் அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரத்தில், கழிவுக் கூடையைத் தரையில் கொட்டித் துழாவி, கொஞ்சம் பெரிதாக ஒரு ரெக்ஸின் துண்டைக் கண்டுபிடித்தார். பேப்பரைத் திருப்பி வைத்து, கத்தரிக்கோலால் மறுபக்கத்துக்கு ஒன்று சரியாக வெட்டினார். மிஷினில் உட்கார்ந்து ஒரு பையை அவரே தைத்தார். இரண்டு பக்கமும் மெரூன். அதில் ஒரு பிசிறுகூட இல்லை. இது யாருக்கு என்று கேட்டேன். "சும்மா சேம்பிளுங் கண்ணு" என்றார். எங்கள் ஊரில் எதைக் கேட்டாலும் சேம்பிள் என்று சொல்வார்கள் என்பதால் நானும் விட்டுவிட்டேன்.

பைகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை எனக்கு. எனக்கில்லாத பையை ஊருக்கெல்லாம் நான் சுமந்தேன். சேம்பிள் பையையும் அடியில் வைத்து, "இதக் கடேசி ஊட்டுக்குக் குடுத்துரு" என்றார் மாமா. கோவில்பட்டி அக்கா அதைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். பிறகு வெளியே வந்து வரிசையாக நின்ற மற்ற வண்டிகளைப் பார்த்தார். மறுபடி கையிலிருந்ததைப் பார்த்தார்.

"ஒங்க மாமாவா குடுத்து விட்டாரு?"

"எல்லாருக்குந்தானுங்க்கா."

"ஆமா, எல்லாருக்குந்தான" என்று சொல்லிவிட்டு, வண்டியில் வைத்து நாடாவைக் கட்டினார். கட்டி முடிக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து அக்காவின் ஹேண்டில்பார் காலியாக இருந்தது. குழந்தை ஜம்மென்று உட்கார்ந்து இரண்டு கையாலும் பெல் அடித்துக்கொண்டே போயிற்று. மாமா அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் நின்று பல் தேய்ப்பார். எவ்வளவு நேரம் தேய்ப்பது என்று அம்மா உள்ளிருந்து சத்தம் போடுவாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் எங்கள் காம்பவுண்டில் ஒரு செக்கிங் அக்கா இருந்தார். கம்பெனியில் தைத்து வருகிற ஒவ்வொரு பீஸையும் டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓட்டையோ கறையோ தெரிந்தால் அந்த இடத்தில் சின்னதாகச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது அவர் வேலை. அந்தக் கண்ணைக் கம்பெனியிலேயே கழற்றி வைத்துவிட்டு வர முடியுமா? அவர் தாவணி நுனியில்கூட எப்போதும் அந்த அம்புகள் இரண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு நாள் காலை, குழாயடியில் தண்ணீருக்குக் காத்திருந்தபோது, வண்டிகளெல்லாம் வெள்ளைப் பக்கத்தைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. செக்கிங் அக்கா பார்த்துக்கொண்டே வந்தார். வெள்ளை, வெள்ளை, வெள்ளை, மெரூன்.

"அட, இந்த ஒரு பீஸு மட்டும் எப்பிடீங்க ஓகே ஆச்சு?" என்றார். சொல்லிக்கொண்டே போய், பழுதே இல்லாத அந்தப் பையின் மேல் ஒரு சிவப்பு அம்பை ஒட்டினார்.

குழாயடியே சிரித்தது. ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். தங்கள் பையைப் பார்த்தார்கள், அந்தப் பையைப் பார்த்தார்கள், வாசலில் வாய் நிறைய நுரையோடு நின்ற மாமாவைப் பார்த்தார்கள். "மாஸ்டருக்குக் கண்ணு நல்லாத் தெரியுது, ஒரு வண்டிக்கு மட்டுந்தான் தெரியுது" என்று யாரோ சொன்னார்கள். அம்மா குடத்தை வைத்தது வைத்தபடி நின்றாள். அவளுக்கு எல்லாரையும்விட முதலிலேயே புரிந்துவிட்டது. புரியாதவள் நான் ஒருத்திதான். ஒரு பையாவது நன்றாக அமைந்ததில் இவர்களுக்கு என்ன சிரிப்பு?

அந்த நேரம் பார்த்துக் கோவில்பட்டி அக்கா குழந்தையோடு வெளியே வந்தார். சிரிப்பு நின்றுபோயிற்று. அக்கா அம்பைப் பார்த்தார். நகத்தால் சுரண்டி எடுத்தார். பிறகு குனிந்து நாடாக்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து, பையை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, பழைய ஒயர்கூடையை எடுத்து வந்து ஹேண்டில்பாரில் மாட்டினார். யாரையும் பார்க்காமல் ஏறிப் போய்விட்டார். "நான் வெளையாட்டுக்குத்தானுங்க பண்ணேன்" என்று செக்கிங் அக்கா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் மிஷின் ஓடவில்லை.

"புருசனப் பறிகுடுத்தவ. கையில ஒரு கொழந்த. எந்த ஊரு, என்ன சனம், ஒண்ணும் தெரியாது. நான் நம்ம பக்கம் போயி என்னன்னு சொல்லட்டும்? என்ற தம்பிக்கு வேற எடமே கெடைக்கலைன்னு சொல்லட்டுமா?" என்றாள் அம்மா.

"நான் அவியகிட்ட ஒரு வார்த்த பேசுனதில்லீங்க்கா. ஒரு பை குடுத்தேன், அவ்வளவுதானுங்க" என்றார் மாமா. தலையைக் குனிந்துகொண்டு, "அவிய மனசு தெரியட்டும்னுதானுங்க இருந்தேன்" என்றார்.

"அதான் தெரிஞ்சு போச்சல்ல. இத்தன பேரு முன்னாலயும் பையக் கழட்டிட்டுப் போயிட்டா. இன்னமும் என்ன தெரியோணும்?"

மாமா ரொம்ப நேரம் நிலைப்படியில் உட்கார்ந்திருந்தார். பிறகு, "சரிங்க்கா. ஞாயித்துக்கெழமை கணியூர் போலாங்க" என்றார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கணியூருக்கு பஸ்ஸில் போகலாம். பெண் வீட்டில் கேசரி கொடுப்பார்கள். போன தீபாவளிக்கு எடுத்த பாவாடையைப் போட்டுக்கொண்டு போகலாம். தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் ஓடும்போது குளிக்க விடுவார்கள் என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லிவைத்தேன். மாமா முகம் மட்டும் விளங்கவில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காலையில் வாசலில் நின்று பல் தேய்ப்பது நின்றுபோயிற்று. கோவில்பட்டி அக்கா கிளம்புவதற்கு முன்பே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அக்காவின் ஒயர்கூடை பழையபடி சக்கரத்தின் பக்கம் ஆடிக்கொண்டே போகும். அம்மாவும் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மிஷினில் குனிந்துகொள்வாள்.

சனிக்கிழமை சாயங்காலம் கோவில்பட்டி அக்கா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் அந்தப் பை. திருப்பிக் கொடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று அம்மாவும் நினைத்தாள், நானும் நினைத்தேன். அதை எப்படியாவது என் சைக்கிளில் மாட்டிக்கொள்ள முடியுமா என்று அதற்குள் என் மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

"அக்கா, ஒங்க மிஷின்ல ரெண்டு தையல் போட்டுக்கிடட்டுமா?" என்றார் அக்கா. "கம்பெனியில வச்சுத் தச்சா எல்லாரும் எட்டிப் பாப்பாங்க."

எங்கள் பக்கம் கன்றுக்குட்டியைக்கூட வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவோம். ஆனால் இந்த அக்காவிடம் மட்டும் அம்மா அதை மிச்சம் பிடித்தே வந்திருக்கிறாள். அன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ம், போட்டுக்க" என்றாள்.

அக்கா என்னைப் பார்த்து, "பாப்பா, அந்தப் பைக்கு வெட்டுனதுல மிச்சத் துண்டு எதும் கெடக்கா?" என்று கேட்டார். கழிவுக் கூடையைக் கொண்டுவந்து வைத்தேன். எதையும் கணக்குக்கு மேல் இரண்டு மூன்று கூட்டியே வெட்டுவது மாமா வழக்கம் என்பதால், முக்கோணங்கள் சில இன்னும் அதில் கிடந்தன. அக்கா அதிலிருந்து ஒன்றை எடுத்தார். வெள்ளைப் பக்கம் மேலே தெரியும்படி திருப்பினார். பையின் அந்த அழகான மெரூன் பக்கத்தின் மேல், மாமா தனியாக உட்கார்ந்து வெட்டிய அந்தத் துண்டின் மேலேயே, அதை வைத்து ஓரத்தை மடித்து விரலால் நீவினார்.

எனக்கு உயிரே போய்விட்டது. "ஐயோ, ஏனுங்க்கா! அதுதானுங்க நல்லா இருக்கறது! அதப் போயி மூடறீங்களே!" என்று கத்தினேன்.

"எல்லா வண்டிக்கும் எப்பிடி இருக்கோ, என் வண்டிக்கும் அப்பிடியே இருந்துட்டுப் போட்டும் பாப்பா."

"அப்பக் கீழ இருக்கறதப் பிரிச்சு எனக்காச்சும் குடுங்க. அது எதுக்கு வீணா உள்ள?"

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த வாரம் முழுக்க அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. "அத மட்டும் கேக்காத. அது உள்ள கெடக்கட்டும்" என்றார்.

ஜிப்புப் பக்கம் கொஞ்சம் பிரித்துவிட்டு, பையை வாகாக விரித்து, மூன்று பக்கமும் கை எடுக்காமல் தைத்தார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாலும் காது மிஷினிடம்தான் இருந்தது. மூலை திரும்பும்போது மிஷின் எப்படி நிற்கிறது, எப்படிக் கிளம்புகிறது என்பதை வைத்தே தைப்பவரின் லட்சணத்தை அவள் சொல்லிவிடுவாள். தைத்து முடிந்ததும் தொழில் பழக்கத்தில் தானாகவே கை நீட்டிப் பையை வாங்கி, நுனியில் தொங்கிய நூலை டிரிம்மரால் வெட்டினாள். வெட்டியவள் பையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஓரத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து மெதுவாக நீவிக்கொண்டே போனாள். ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலை வரைக்கும், அங்கிருந்து அதற்கடுத்த மூலை வரைக்கும்.

"பிரிச்சு எடுத்துட்டு வெச்சிருந்தா ஓரம் மெல்லிசா வந்திருக்கும்" என்றாள். குரலில் சண்டை இல்லை.

"தெரியும்க்கா" என்றார் அக்கா.

அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். குழந்தையின் மோவாயில் இருந்த தையல் தழும்பைப் பார்த்தாள். மறுபடி பையைப் பார்த்தாள். ஒரு பைக்கு இவ்வளவு நேரம் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

"உக்காருங்க. ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போலாம்" என்றாள் அம்மா. என்னிடம் திரும்பி, "பால் இல்ல, ஓடிப் போயி ஒரு பாக்கெட் வாங்கிட்டு வா" என்றாள். பால் இருந்தது. கடைக்குப் போகும் வழியெல்லாம் அதையேதான் யோசித்துக்கொண்டு போனேன்.

பாலோடு வந்தபோது இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தை என் அம்மா மடியில் இருந்தது. காப்பி குடித்துவிட்டுப் போன அக்கா தன் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தி, நாடாக்களை இழுத்து இழுத்து அந்தப் பையைக் கட்டினார். இப்போது அந்தப் பைக்கும் ஒரு பக்கம் வெள்ளை. தூரத்திலிருந்து பார்த்தால் எது யாருடைய வண்டி என்றே தெரியாது.

விளக்கு வைக்கிற நேரத்தில் மாமா வந்தார். உள்ளே நுழையும்போதே கண் அந்தக் கடைசி வீட்டுப் பக்கம் போயிற்று. அப்படியே நின்றுவிட்டார். வண்டியைப் பிடித்தபடி என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"அந்தப் பைய யாரு கண்ணு அப்பிடிப் பண்ணது?"

"அந்த அக்காவேதானுங் மாமா. நம்ம மிஷின்லயே தச்சாங்க. நல்ல பக்கத்து மேல வெள்ளத் துண்ட வெச்சு மூடிப்போட்டாங்க. நான் எவ்வளவோ சொன்னேங், கேக்கவே இல்ல." மாமா வெட்டிய துண்டை இப்படிப் பாழாக்கிவிட்டார்களே என்று மாமாவுக்காகத்தான் வருத்தப்பட்டேன்.

"உள்ள இருந்தத எடுத்துட்டாங்களா?"

"இல்லீங் மாமா. பிரிச்சு எனக்குக் குடுங்கன்னு கேட்டேங். குடுக்க மாட்டேன்னுட்டாங்க. அது உள்ள கெடக்கட்டும்னாங்க."

"என்னன்னு சொன்னாங்க?"

"உள்ள கெடக்கட்டும்னாங்க மாமா."

மாமா வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டுத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். முதலிலிருந்து சொல் என்றார். அக்கா வந்து வாசலில் நின்றதிலிருந்து சொன்னேன். சொல்லி முடித்ததும் மறுபடி சொல்லச் சொன்னார். பிரிச்சுக் குடுங்கன்னு நீ கேட்டப்ப மொகம் எப்பிடி இருந்துச்சு என்றார். சிரிச்சாங்க என்றேன். அதை மட்டும் இன்னொரு தடவை கேட்டார். ஒரு பைக்கு ஒட்டுப் போட்டதைக் கேட்க ஒரு மனுஷனுக்கு இவ்வளவு ஆசையா என்று எனக்குப் பொறுமை போய்விட்டது.

அதற்குள் அம்மா வாசலுக்கு வந்தாள். "எந்திரிச்சு வந்து சாப்புடு. நாளைக்குக் கணியூர் போகல. நான் ஃபோன் பண்ணிச் சொல்லிப்போட்டேன்" என்றாள்.

மாமா எழுந்திருக்கவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் பொத்துக்கொண்டு வந்தது. பஸ் போயிற்று, கேசரி போயிற்று, கிணற்றுக் குளியல் போயிற்று, திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வது? நடு வாசலில் உட்கார்ந்து காலை உதறிக்கொண்டு ஓவென்று அழுதேன். மாமா குழாயடிக்குப் போய்க் குனிந்து முகத்தைக் கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எதுக்குடி அழுது தொலைக்கற?" என்று என்னைத் திட்டினாள். அந்தச் சாயங்காலம் எங்கள் வாசலில் அழுதவள் நான் ஒருத்திதான் என்று ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.